எழவுக்குக் காத்திருந்த ரிசீவர்

தேவாலாவுக்கு மேலே, மழை பிடித்தால் உள்பனியன் காய்வதற்குக்கூட வாரக்கணக்காகும் ஓர் எஸ்டேட்டில், தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டும் ரமேஷ்குமார் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கினான். பாட்டுக் கேட்க வாங்கியிருக்கிறான் என்று லைன்காரர்கள் நினைத்தார்கள். படம் பார்க்க என்று அவன் மனைவி ரேணுகா நினைத்தாள். உண்மையில் பக்கத்து வீட்டில் எழவு விழும் அன்றைக்குப் போடுவதற்காகத்தான் அவன் அதை வாங்கினான்.

உடனே அவனை ராட்சசன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ரோட்டில் கீரிப்பிள்ளை குறுக்கே வந்தால் லாரியை நிறுத்தி, "போ சாமி, பாத்துப் போ" என்று வழியனுப்பிவிட்டுக் கிளம்புகிறவன் அவன். பகை அவனுக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். அதனாலேயே அது புதுச் செருப்பு மாதிரி எங்கே போனாலும் கடித்துக்கொண்டிருந்தது.

கடிக்க ஆரம்பித்தது ரிசீவர் வாங்குவதற்குச் சில மாதம் முன்னால், அவன் அப்பா வீரையா செத்த அன்று.

எஸ்டேட் லைன் என்பது ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்த வீட்டில் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். இப்படி ஒட்டிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கென்று சில முறைகள் உண்டு. அதில் முதல் முறை, லைனில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் டிவி, ரேடியோ, பாட்டு எதுவும் பேசக் கூடாது. தப்பு மேளத்துக்கு மட்டும்தான் அனுமதி. செல்போன் வந்த பிறகு அதையும் ஊமையாக்கி இடுப்பில் செருகிக்கொண்டுதான் துக்கத்துக்கு வருவார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. பக்கத்து வீட்டு எல்லப்பன் ஒருவனைத் தவிர.

எல்லப்பன் டீ பேக்டரியில் ட்ரையர் ஓட்டுகிறவன். லைனிலேயே முதன்முதலில் ஹோம் தியேட்டர் வாங்கியவன் அவன்தான். வீரையா செத்த அன்று கோயமுத்தூரிலிருந்து அவன் மச்சான் வந்திருந்தான். வந்தவனிடம் செட்டைக் காட்டாமல் அனுப்பினால் எல்லப்பனுக்குச் சோறு இறங்காது. மத்தியானம், பெஞ்சில் வீரையாவைக் கிடத்தி, தலைமாட்டில் மாலதி அத்தை மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. தும். தும். தும்தும்.

பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. அடிவயிற்றில் வந்து குத்தும் தும் மட்டும்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மாலதி அத்தை நிறுத்தவில்லை. அவள் அந்தக் காரியத்தில் அனுபவசாலி, எதற்கும் நிறுத்த மாட்டாள். ஆனால் அந்தத் தாளம் அவளையும் அறியாமல் அவளைப் பிடித்துக்கொண்டது. 'மலையேறிப் போன ராசா' என்ற அடியைத் தும்தும்முக்குச் சரியாகப் பொருத்தி இரண்டு தடவை பாடிவிட்டுத்தான் சுதாரித்தாள். வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார், ஆனாலும் அது சிரிப்புதான்.

ஒருவரை அனுப்பிச் சொல்லச் சொன்னார்கள். போனவர் திரும்பி வந்து, "கொறச்சுத்தான் வெச்சிருக்கேங்கறாருங்க" என்றார். படம் முடிகிறவரை தும்மும் நிற்கவில்லை. சாயங்காலம் எல்லப்பன் மாலையோடு வந்தான். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தான். ரமேஷின் கையைப் பிடித்து, "மனசத் தேத்திக்கங்க" என்றான். அந்த நேரத்தில் கையில் தேயிலைச் செடி வெட்டும் ஒரு கவ்வாத்துக் கத்தி இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். இருந்தது நெல்பொரி.

அப்பா பிணமாகக் கிடந்தபோது ஒருத்தன் சிரித்தான். சிரித்தவன் யார் என்று ரமேஷுக்குத் தெரியாது, சிரிக்க வைத்தவனைத் தெரியும். அதே சுவர், அதே சத்தம், அவன் வீட்டுப் பிணம். அப்போது தெரியட்டும். இதுதான் ரமேஷின் திட்டம். இதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

லாரி ஹார்னைத் தவிர சத்தத்தைப் பற்றி வேறெதுவும் தெரியாத ரமேஷ், செல்போனில் ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் படித்தான். ஏழு புள்ளி இரண்டு என்றால் ஏழு ஸ்பீக்கர், தும்முக்கென்றே தனியாக இரண்டு சப்வூஃபர் பெட்டி என்று தெரிந்துகொண்டான். எல்லப்பனுடையது ஐந்து புள்ளி ஒன்று. விடுவானா? பார்சல் கூடலூருக்கு வந்ததும், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் மறைத்து, கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற மாதிரி மேடு பள்ளம் பார்த்து ஓட்டி வந்தான்.

நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அறை அது. அதற்குள் ஏழு ஸ்பீக்கர்.

"சாமி படத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, அரிசி டிரம்முக்கு மேல ஒண்ணு, கதவுக்குப் பின்னால ஒண்ணு" என்றாள் ரேணுகா. "எனக்கு எடம் எங்கன்னு சொல்லீட்டீங்கன்னா நானும் போய் நின்னுக்குவேன்."

"நீ நடுவுல உக்காரு. உன்னையச் சுத்தித்தான் சத்தம் வரும்."

"ஏற்கெனவே அப்பிடித்தான் வருது. இந்தப் பொட்டி எல்லாம் எதுக்கு?"

ஆனால் ரிசீவர் அரை மணி ஓடினால் தலை நன்றாகச் சூடாகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் ரேணுகா சமாதானமாகிவிட்டாள். ஆடி மழையில் ஈரக் காலுறையைக் காய வைக்க அந்த எஸ்டேட்டில் அவளிடம் மட்டும்தான் மிஷின் இருந்தது. இரண்டு காலுறை, ஒரு மப்ளர் போட்டால் ரிசீவர் மூச்சு முட்டித் தானாகவே அணைந்துவிடும். எத்தனை காலுறை தாங்கும் என்று கணக்கும் பிடித்து வைத்திருந்தாள்.

இரண்டு சப்வூஃபரையும் எல்லப்பன் வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தான் ரமேஷ். ஆயுதம் தயார். அப்புறம்தான் ஒரு விஷயம் அவன் புத்தியில் உறைத்தது. எல்லப்பன் வீட்டில் சாகிற வயதில் ஒருத்தரும் இல்லை. எல்லப்பன் நாற்பத்தைந்து வயதில் கருங்கல் மாதிரி இருந்தான். அவன் மனைவி தெய்வம்மா தலையில் ஈரக் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறினால் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில். வாங்குவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் யோசித்துச் செய்கிறவன் பகைக்காக ரிசீவர் வாங்குவானா?

வருஷம் ஒன்று போனது. கடவுளுக்கே பாவமாகிவிட்டதோ என்னவோ, ஒரு நாள் கூடலூர் பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியும் இருமலுமாக ஒரு கிழவர் இறங்கினார். தெய்வம்மாவின் அப்பா ஒச்சப்பன். சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து கோத்தகிரியில் மகன் வீட்டில் இருந்தவர், மருமகளோடு ஒத்துவராமல் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பிலிருந்து லைன் வரை ஐந்து இடத்தில் நின்று இருமினார். எதிரே லாரியில் வந்த ரமேஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கங்க அப்பிச்சி, கொண்டு போய் விடறேன்" என்றான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்குக் காரணம் தெரிந்திருந்தால் ஒச்சப்பன் நடந்தே போயிருப்பார்.

ஒரு வாரம் சுவரில் காதை வைத்து அந்த இருமலைக் கேட்டான். கனமான இருமல். தை மாசம் தாங்காது என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். நாள் நெருங்குகிறது, செட்டைச் சரியாகப் பொருத்திவிட வேண்டும் என்று அவசரமும் வந்தது.

அந்த ரிசீவரோடு ஒரு குட்டி மைக் கொடுத்திருந்தார்கள். நாம் உட்காரும் இடத்தில் அந்த மைக்கை வைத்துப் பொத்தானை அழுத்தினால், ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் முறை வைத்து 'வூப்... வூப்...' என்று கூவும். மைக் அதைக் கேட்டு, எந்தப் பெட்டி எத்தனை தூரம், எத்தனை சத்தம் என்று தானே சரிசெய்துகொள்ளும். ஒரே நிபந்தனை, அதுவரை வீட்டில் ஊசி விழுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. ரமேஷ் ஞாயிற்றுக்கிழமை பார்த்து ரேணுகாவைக் கடைக்கு அனுப்பினான். கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான்.

வூப்.

சுவருக்கு அந்தப் பக்கம்: "லொக்கு லொக்கு லொக்கு."

வெளிச்சத்தம் அதிகம், முதலிலிருந்து செய்யவும் என்று டிவியில் எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி இருமல். எந்தச் சாவுக்காக இவ்வளவு ஏற்பாடோ அந்தச் சாவே வந்து ஏற்பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவை வாசலில் நிழல் தட்டியது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒச்சப்பன் நின்றார்.

"என்னா தம்பி, காம்பராவுக்குள்ள ஆந்த வளக்கிறியா?"

"ஊட்டுக்குள்ள ஆந்தை எல்லாம் இல்லீங்க. இது செட்டுக்கு அளவெடுக்கறதுங்க. நீங்க இருமறதால மாட்டேங்குது."

"இருமாம இருக்க ஏலாதே. சிலோன்லருந்து நான் கொண்டாந்த சொத்து அது ஒண்ணுதான்." கேட்காமலே உள்ளே வந்து, அந்த ஒற்றை சோபாவில், மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சூடா ஏதாச்சும் குடிச்சா செத்த நேரம் அடங்கும்."

ரமேஷ் சுக்குக் காப்பி போட்டான். கிழவர் குடித்து முடித்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி அசையாமல் உட்கார்ந்தார். ஏழு பெட்டியும் கூவி முடித்தன. அப்படியாக, அந்த வீட்டில் சத்தம் அச்சாக விழுகிற ஒரே இடம் ஒச்சப்பன் உட்கார்ந்த இடமாகப் போயிற்று. சோதித்துப் பார்க்க ரமேஷ் ஒரு சண்டைப் படத்தில் ரயில் வரும் கட்டத்தைப் போட்டான். ரயில் பின்னாலிருந்து வந்து, மண்டைக்கு மேல் ஏறி, முன்னால் இறங்கிப் போனது. ஒச்சப்பன் சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போன பிறகும் விடவில்லை.

"எனக்குக் காது மந்தம் தம்பி. ஆனா இது காதுக்கு வரல்ல. நெஞ்சுக்குல்ல வருது." அப்புறம், "திருப்பிப் போடு" என்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். மருமகன் வீட்டில் ரிமோட்டைத் தொட அவருக்கு உரிமை கிடையாது. "தொட்டா அமைப்பு மாறிப் போயிருமாம். மவராசன், கோயில் கருவறை மாதிரி வச்சிருக்கான்" என்று எல்லப்பனைத் திட்டுவார். எல்லப்பனைத் திட்டும் வாய் எதுவாக இருந்தாலும் ரமேஷுக்கு இனிக்கும். மாத்திரை நேரத்தை ரேணுகா ஞாபகப்படுத்தினாள். வசனம் அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நடு ஸ்பீக்கரை ரமேஷ் ஏற்றி வைத்தான். கூடலூரிலிருந்து வரும்போது அவருக்கென்று கம்பளிக் குல்லா வாங்கி வந்தான். அதை ரிசீவர் மேல் வைத்துச் சூடாக்கித் தலையில் மாட்டிவிட்டான்.

தை போனது. பங்குனி போனது. கிழவருக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

"ஏனுங்க" என்றாள் ரேணுகா ஒரு நாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "இந்த மனுசன் சாகறதுக்குக் காத்திருக்கீங்களா, இல்ல வளக்கறீங்களா?"

ரமேஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாரு சொன்னா?"

"சொல்லணுமாக்கும்? ரெண்டு பொட்டியையும் சுவத்தோட ஒட்டி வெச்சிருக்கறது லைனுக்கே தெரியும். எல்லப்பண்ணனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சா நல்லது. பயந்துட்டு இருக்கட்டும்."

"பயந்த மாதிரியா இருக்காரு? போன வாரங்கூட நம்ம வாசல்ல நின்னு பாத்துட்டு, 'எத்தனை வாட்டு'ன்னு கேட்டுட்டுப் போனாரு."

ரமேஷுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பயப்படாத எதிரியை வைத்துக்கொண்டு பழி எப்படி வாங்குவது?

அடுத்த நாள் படத்துக்கு நடுவில் ஒச்சப்பன் திடீரென்று கேட்டார். "தம்பி, நான் செத்தா என்னா போடப் போற?"

ரமேஷ் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னாத்துக்கு முழிக்கிற? அதுக்குத்தானே வாங்கினே. மகள் சொல்லிருச்சு." கிழவர் முகத்தில் கோபம் இல்லை. சாப்பாட்டுக் கடையில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிக்கிற முகம். "கண்ட குத்துப்பாட்டப் போட்டு என்னய அசிங்கப்படுத்திறாத. அந்த ரயிலு வாற கட்டம் இருக்கில்ல, அதப் போடு. நல்லா ஏத்தி வையி. நான் போறப்ப ஒரு ரயிலு போவட்டும்."

"அய்யோ, என்னங்க அப்பிச்சி இப்பிடியெல்லாம்..."

"அட, உன்னயத்தான் நம்பியிருக்கேன். எம் மருமவன் போட மாட்டான். மாமனாருக்கு எதுக்குக் கரண்டு செலவுன்னுருவான்." சிரித்தார், இருமினார், வாயைத் துடைத்துக்கொண்டார். "பகையாளிக் காம்பராவுல போட்டாத்தான் நமக்கு மருவாத. செய்வியா, மாட்டியா?"

செய்கிறேன் என்று தலையாட்டினான் ரமேஷ். அன்றைக்கு லாரியை எடுத்துக்கொண்டு போகும்போது யோசித்துப் பார்த்தான். கிழவர் கேட்டபடி போட்டால் அது அவருக்குச் செய்யும் மரியாதை, பழி ஆகாது. போடாமல் விட்டால் பழியும் போச்சு, வாக்கும் போச்சு. இவ்வளவு செலவில் வாங்கிய ஆயுதத்தைப் பிணமாகப் போகிறவரே பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். கோபத்தில் இரண்டாவது கியரிலேயே ஏற்றம் முழுக்க ஏறினான்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சற்றே கண்ணயர்ந்த ஒச்சப்பன் எழுந்திருக்கவில்லை. இருமல்கூட இல்லாமல் போய்விட்டார். பேக்டரிக்கு இலை கொண்டுபோன ரமேஷுக்குச் செய்தி வந்தது. லாரியை அப்படியே விட்டுவிட்டு மழையில் ஓடி வந்தான். எல்லப்பன் வாசலுக்கு வெளியே நின்று ஓர் அழுகை அழுதான். பகையாளி வீட்டு எழவில் இப்படி அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. முகத்தை மழைக்குக் காட்டிச் சமாளித்துக்கொண்டான்.

வீட்டுக்குள் வந்து சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். ரிசீவர் அணைந்து கிடந்தது. போடுவதா, வேண்டாமா? கை போகவில்லை. அப்போதுதான் வாசலில் எல்லப்பன் வந்து நின்றான். தலையில் துண்டு. பின்னால், கூரைத் தாழ்வாரத்தில் ஒதுங்கியபடி லைன் முழுக்க நின்றிருந்தது.

"ஏனுங்க" என்றான் எல்லப்பன். "மாமா சொல்லீட்டுப் போயிருக்காருங்க. அந்த ரயில் கட்டத்த நீங்க போடணும்னு."

ரமேஷ் நிமிர்ந்தான். இரண்டு வருஷமாக எத்தனையோ விதமாக இந்த நாளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறான். எல்லப்பன் வந்து கையைக் கட்டி நிறுத்தச் சொல்வான், இவன் ஏற்றி வைப்பான் என்றுதான் ஓட்டியிருக்கிறான். எல்லப்பன் வந்து போடச் சொல்லுவான் என்று ஒரு தடவைகூட ஓட்டவில்லை. இப்போது, யாரும் சொல்லிக் கொடுக்காமல், இதுவரை நினைத்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஒரு பதில் அவன் வாயில் தானாக வந்து உட்கார்ந்தது.

"எழவு விழுந்த லைன்ல எப்பிடிங்க செட்டுப் போடறது?" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "நமக்குன்னு ஒரு முறை இருக்குதுங்கள்ள? எங்க ஊட்டுல அதெல்லாம் மீற மாட்டமுங்க."

தாழ்வாரத்தில் யாரோ "ம்" என்றார்கள். எல்லப்பனின் முகம் காய்ந்த தேயிலை மாதிரி சுருங்கியது. ரமேஷின் நெஞ்சுக்குள் ஏழு ஸ்பீக்கரும் இரண்டு சப்வூஃபரும் ஒரே நேரத்தில் முழங்கின. அப்பா, கேட்டீங்களா?

எல்லப்பன் போகவில்லை. "என்னைய எத்தனை வேண்ணாலும் சொல்லுங்க. அன்னைக்குப் பண்ணுனதுக்கு இங்கயே நின்னு வாங்கிக்கறேன். ஆனா அவரு..." என்று தலைத் துண்டை இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டான். "காலைலகூடக் கேட்டாருங்க. ரமேஷு போடுவானா, மாட்டானான்னு. போடுவாருன்னு நாந்தான் சொன்னேன்."

சமையல் கட்டிலிருந்து ரேணுகாவின் குரல் வந்தது. "செத்தவருக்கும் உங்களுக்கும் என்னங்க பகை?"

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசிக் கொஞ்சம் சமாளித்திருப்பான். ரமேஷ் சோபாவைப் பார்த்தான். நடுவில், கிழவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான இடம். ஆனாலும் அப்படியே விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"நான் போட மாட்டேன். வேணும்னா நீங்க வந்து போடுங்க" என்றான்.

எல்லப்பன் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். ரமேஷ் மூன்று ரிமோட்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான். ஐந்து புள்ளி ஒன்றுக்காரனுக்கு இது புது உலகம். ஒன்றை அழுத்தினால் டிவி அணைந்தது. இன்னொன்றை அழுத்தினால் திரை நீலமானது. ஒரு ரிமோட் நழுவி அரிசி டிரம்முக்குப் பின்னால் விழுந்தது. குனிந்து, கையை விட்டுத் தேடி, நூலாம்படையோடு எடுத்தான். லைன் முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது.

இதுதான். இதற்குத்தான் இரண்டு வருஷம். ரமேஷ் அதை அனுபவிக்கத் தயாராக நின்றான். அதற்குள் எல்லப்பன் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கி, மூக்கு ஒழுகி, கையில் ரிமோட்டோடு, பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் கணக்குத் தெரியாமல் நிற்கிற பையன் மாதிரி இருந்தான். வாயில் போட்ட சர்க்கரை சப்பென்று கரைந்து போன மாதிரி இருந்தது ரமேஷுக்கு. வாய்க்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டு முன்னால் போனான்.

"இங்க கொடுங்க. அது ஃபேனோட ரிமோட்."

படத்தைப் போட்டு, ரயில் கட்டத்துக்கு முன்னால் நிறுத்தினான். கிழவர் ஏற்றி வைக்கச் சொன்னார்தான். ஆனால் நாலு பேர் துக்கத்தில் இருக்கிறார்கள், முறை என்று ஒன்று இருக்கிறது. சத்தத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினான். ரேணுகா படம் பார்த்தபடி போனில் பேசுவாளே, அந்த அளவு. "நான் அங்க போய் நிக்கறேன். அவருக்குக் கேக்குதான்னு பாக்கணும். நான் சுவத்துல தட்டுனா இந்தப் பொத்தான அமுத்துங்க" என்று எல்லப்பனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனான்.

வீரையா செத்ததிலிருந்து அந்த வீட்டு வாசற்படியை அவன் மிதித்ததில்லை. ஒச்சப்பன் பெஞ்சில், கம்பளிக் குல்லாவோடு படுத்திருந்தார். காலடியில் தெய்வம்மா. ரமேஷ் சுவரில் தட்டினான்.

முதலில் தரை அதிர்ந்தது. அப்புறம் சுவர். அப்புறம் தகரக் கூரை. ரயில் அந்த வீட்டுக்குள்ளேயே வந்தது. சமையல் கட்டில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. வசனம் கேட்கவில்லை, சண்டை கேட்கவில்லை, சக்கரம் மட்டும் அடிவயிற்றில் உருண்டது. பெஞ்சு லேசாக ஆட, ஜன்னலோரம் இடம் கிடைத்த பிரயாணி மாதிரி ஒச்சப்பனும் லேசாக ஆடினார். தெய்வம்மா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, அழுகைக்கு நடுவில், "போய்ட்டு வாங்கப்பா" என்றாள். வந்திருந்தவர்களில் இரண்டு பேர் தங்களையறியாமல் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ரமேஷ் மட்டும் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பாதிக்கும் கீழே இறக்கி வைத்தவன் அவன். பக்கத்தில் நின்று பேசினால் பேச்சுக் கேட்கும், அவ்வளவுதான். அது சுவரைத் தாண்டி வரும்போது வசனம், பாட்டு எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, தும்மை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. சுவரை ஒட்டி வைத்த பெட்டி எத்தனை இறக்கினாலும் இந்தப் பக்கம் இப்படித்தான் கேட்கும். அவன் பார்த்த அத்தனை வீடியோவிலும் இதை ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கெல்லாம் தனித்தனி வீடு.

அப்படியென்றால் அன்றைக்கு எல்லப்பன் நிஜமாகவே குறைத்துத்தான் வைத்திருந்திருக்கிறான். அவன் வீட்டுக்குள் அது முணுமுணுப்பாகத்தான் இருந்திருக்கும்.

ரமேஷுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. ஆத்திரம்தான் வந்தது. இரண்டு வருஷம் கட்டிக் காப்பாற்றிய பகையின் பாதி இப்படி ஒரே ரயிலில் அடிபட்டுப் போனால் மனுஷனுக்குக் கோபம் வராதா? மீதிப் பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குறைத்து வைத்தாலும் போட்டது போட்டதுதானே? பிணம் கிடக்கையில் மச்சானுக்குப் படம் காட்டியது தப்புதானே? தப்புதான். அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பாதி அவனுக்குச் சொந்தம், யாருக்கும் விட்டுத் தர முடியாது.

ரயில் போய் முடிந்தது. எல்லப்பன் திரும்பி வந்து, மூச்சு வாங்க, "அவருக்குக் கேட்டுதுங்களா? ரொம்பக் கொறச்சலா இருந்துச்சே" என்றான்.

"கேட்டுது" என்றான் ரமேஷ். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இப்போதே சொல்லிவிடலாம். அன்னைக்கு உங்க பேருல பாதிதாங்க தப்பு, இன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு என்று ஒரு வரி போதும். நாக்கு நுனி வரை வந்தது. அப்போது எல்லப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "உங்க செட்டு நல்ல செட்டுங்க. சப்வூஃபர் எத்தனை இஞ்ச்?" என்றான்.

ரமேஷ் வாயை மூடிக்கொண்டான். சொல்லத்தான் வேண்டும், சொல்லுவான். நாளைக்கு இல்லை. காரியம் முடியட்டும். கிழவர் இல்லாத முதல் பொங்கல் போகட்டும். அதற்கப்புறம் இந்த ஆள் இன்னும் ஒரு மழைக்காலம் தலையைக் குனிந்துகொண்டு நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"பத்து இஞ்ச்" என்று மட்டும் சொன்னான். பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் இறங்கிப் போனார்கள். குடை ரமேஷுடையது. எல்லப்பனின் பக்கத்துத் தோள் நனையும்படியாக அதைக் கொஞ்சம் தன் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தான்.